80 ஆயிரம் + 1,27,000 = 30 ஆயிரம்!

தலைப்பைப் பார்த்ததும், 'இவன் கணக்குல அரியர் வெச்சவன் போலிருக்கே'னு நினைச்சிருப்பீங்க. நினைப்பு கரெக்ட்தான் பாஸ். மேத்ஸ் பேப்பரை மூணு தடவை எழுதினவன்தான் நான். ஆனா, இந்தக் கணக்குல மட்டும் ஒரு ரூபாய்கூடத் தப்பு கிடையாது.

2022-ல 80 ஆயிரத்துக்கு ஒருத்தர் கேட்ட கார். அதுக்கு மேல நான் செலவு பண்ணது 1,27,000 ரூபாய். 2024-ல விற்கப் போனப்ப எனக்குக் கிடைச்ச ஆஃபர் 30 ஆயிரம். எங்கேயும் மோதலை, கவுக்கலை, வெள்ளத்துல முங்கலை. 'அழகு' பண்ணினேன். அவ்வளவுதான்!

அது 2004 மாடல் மாருதி ஜென். வெள்ளை கலர். 993 சிசி, நாலு சிலிண்டர். 1993-ல வந்து 2006-ல நின்னுபோன வண்டி. 'இந்தச் சின்ன டப்பா என்ன ஓடிடப்போகுது'னு நினைக்கிறவங்களை மேட்டுப்பாளையம் ரோட்டுல வாய் பிளக்க வைக்கும். அப்பா 2011-ல அதை செகண்ட் ஹேண்ட்ல வாங்கினார். கோயமுத்தூர் கணபதியில எங்களுக்கு ஒரு குட்டி லேத் பட்டறை. டிக்கியில காஸ்ட்டிங் பீஸை ஏத்திட்டு பவுண்டரிக்கும் பட்டறைக்கும் அலைஞ்ச வண்டி, ஞாயித்துக்கிழமை ஆனா குளிச்சு முடிச்சு எங்களை மருதமலைக்குக் கூட்டிட்டுப் போகும். பின் சீட்டுல நானும் தங்கச்சியும் ஜன்னலுக்காகப் போட்ட சண்டைக்கு ஒரு தனி நாவல் எழுதலாம்.

நான் இன்ஜினீயரிங் சேர்ந்த அடுத்த வருஷம், அப்பா பட்டறைக்கு ஒரு மினி லோடு வண்டி எடுத்தார். ஜென் வாசல்ல சும்மா நின்னுச்சு. பக்கத்துத் தெருக்காரர் ஒருத்தர் வந்து, "80 தர்றனுங்ணா, எனக்கே குடுத்துருங்க"ன்னார். அப்பா என்னைப் பார்த்தார். நான் வண்டியைப் பார்த்தேன். "இல்லீங், பையன் ஓட்டறான்"னு சொல்லிட்டார்.

அங்கே ஆரம்பிச்சது சனி!

மிக்சர் பாக்கெட்

கார் மாடிஃபிகேஷன்ங்கறது மிக்சர் பாக்கெட் மாதிரி. 'ரெண்டே ரெண்டு வாய்'னுதான் பிரிப்போம். கடைசியில பாக்கெட்டைக் கவுத்து தூளைக்கூட நக்கிட்டிருப்போம்.

எனக்கு அந்த முதல் வாய், ஹாரன். அப்புறம் எல்.இ.டி. ஹெட்லைட். ரெண்டுக்கும் சேர்த்து 6,000. 'ஹெட்லைட் இவ்ளோ நல்லாயிருக்கு, வீல் தகரமா இருக்கே'னு ஒரு நண்பன் வாயை வெச்சான். 14 இன்ச் அலாய் வீல், அகல டயர், 32,000. வீல் பெருசானதும் வண்டி கொக்கு மாதிரி தூக்கலா தெரிஞ்சுது. ஸ்பிரிங்கை அறுத்து வண்டியை இறக்கினோம், 2,000. இறக்கினதும் டயர், வீல் ஆர்ச்சுல உரசுச்சு. ஆர்ச்சோட உள் ஓரத்தைச் சுத்தியலால தட்டி மடக்கியாச்சு. அப்புறம் ஃப்ரீ ஃப்ளோ சைலன்ஸர் 12,000. ஆம்ப்ளிஃபயர், சப்வூஃபர் வகையறா 24,000. ஸ்போர்ட்ஸ் சீட் ரெண்டு 14,000. ஸ்பாய்லர், பம்பர் 9,000. கடைசியா, வெள்ளை ஜென்னுக்கு மேட் பிளாக் பெயின்ட், பானெட்டுல மட்டும் ஆரஞ்சுப் பட்டை... 28,000.

கூட்டிப் பாருங்க. 1,27,000 வரும்.

'அப்பன் காசுல ஆடியிருக்கான்'னு திட்டாதீங்க. சனி, ஞாயிறுல சாப்பாடு டெலிவரி, முகூர்த்த நாள்ல கல்யாண மண்டபத்துல பந்தி பரிமாறினதுன்னு ரெண்டு வருஷ உழைப்பு. எத்தனை இலைக்கு ரசம் ஊத்தினா ஒரு சைலன்ஸர் வரும்னு எனக்கு மனப்பாடமா தெரியும்.

கறுப்பு பெயின்ட் அடிச்சு வீட்டு வாசல்ல கொண்டுவந்து நிறுத்தின அன்னிக்கு அப்பா வெளிய வந்தார். ஒரு சுத்து சுத்திப் பார்த்தார். "ஏஞ்சாமி, வெள்ளை நல்லாத்தான இருந்துச்சு?"ன்னார். அவ்வளவுதான். உள்ள போயிட்டார்.

காலேஜ்ல எனக்கு ஒரே மவுசு. கேட்டுக்குள்ள வண்டி நுழைஞ்சா, மூணாவது மாடி வரைக்கும் சத்தம் கேக்கும். ஹெச்.ஓ.டி. உட்பட எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. அது பாராட்டா, சாபமான்னு யோசிக்கிற வயசு அப்ப இல்லை.

பாப்பாவுக்குப் பணம் வேணும்

2024 ஏப்ரல். தங்கச்சி ப்ளஸ் டூ எழுதி முடிச்சிருந்தா. நர்சிங் படிக்கணும்னு ஆசை. முதல் வருஷத்துக்கு மட்டும் 65 ஆயிரம் கட்டணும். பட்டறையில அந்த வருஷம் ஆர்டர் கம்மி. ராத்திரி சாப்பிட்டுட்டு இருக்கறப்ப அப்பா தட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னார், "ஜென்னை குடுத்துரலாமுங்களா?"

என்கிட்ட அவர் 'ங்க' போட்டுப் பேசினா விஷயம் பெருசுனு அர்த்தம்.

"குடுத்துரலாம்ப்பா. நானே வித்துத் தர்றேன். ரெண்டு லட்சம் வரும்"னேன் கெத்தா. எப்படி ரெண்டு லட்சம்? அதான் சிம்பிளாச்சே! வண்டி விலை 80, என் செலவு 1,27,000. மொத்தம் 2,07,000. போனா போகுதுன்னு கொஞ்சம் குறைச்சு 1,95,000-னு விளம்பரம் போட்டேன். பதினாலு போட்டோ. அதுல ஒண்ணு, நான் வண்டி மேல சாஞ்சு கூலிங் கிளாஸோட.

முதல் நாளே நாப்பது போன். நான் மிதந்தேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, நாப்பதுல முப்பது பேர் கேட்டது ஒரே கேள்வி: "லாஸ்ட் எவ்ளோ ப்ரோ?" வண்டியை நேர்ல பார்க்காம, பேரைக்கூட சொல்லாம, லாஸ்ட் எவ்ளோ! மீதி பத்துப் பேர்ல ஆறு பேர் ஸ்கூல் பசங்க. "எக்ஸாஸ்ட் சவுண்டு மட்டும் ஒரு வீடியோ அனுப்புங்கண்ணா." நாலு பேர் நேர்ல வந்தாங்க. டெஸ்ட் டிரைவ்னு சொல்லி அவிநாசி ரோட்டுல ஒரு ரவுண்டு போய், செல்ஃபி எடுத்து, "வீட்ல கேட்டுச் சொல்றேன்"னு போனவங்க இன்னும் வீட்ல கேட்டுட்டிருக்காங்க.

ரெண்டு வாரம் போச்சு. 1,95,000-ஐ 1,60,000 ஆக்கினேன். அப்புறம் 1,40,000. போன் வர்றதே நின்னுபோச்சு.

கன்சல்டிங் அண்ணன் போட்ட கணக்கு

எங்க ஊர்ப் பக்கம் பழைய கார் வாங்கி விக்கற கடைக்கு 'கன்சல்டிங்'னு பேர். அப்பாவுக்குத் தெரிஞ்ச ஒரு கன்சல்டிங் அண்ணன்கிட்ட வண்டியைக் கொண்டுபோனேன். அவர் பானெட்டைத் திறந்தார். ஆயில் ஸ்டிக்கை உருவி மோந்து பார்த்தார். டோர் ரப்பரை இழுத்துப் பார்த்தார். பாக்கெட்ல இருந்து ஒரு காந்தத்தை எடுத்து பாடி பூரா ஒட்டிக்கிட்டே வந்தார். பட்டி பூசின இடத்துல காந்தம் ஒட்டாதாம். கடைசியா, வண்டிக்குக் கீழே குனிஞ்சு அறுத்த ஸ்பிரிங்கைப் பார்த்தப்ப, வாயில 'ச்சு'னு ஒரு சத்தம் விட்டார். டாக்டர் எக்ஸ்-ரேயைப் பார்த்து விடுவாரே, அதே 'ச்சு'!

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. இது வெள்ளையா, கம்பெனில வந்தமாதிரி நின்னிருந்தா இன்னைக்கு 75. சரிங்களா? வர்ற ஜூன்ல எஃப்.சி. முடியுது. கலரு ஆர்.சி.ல வெள்ளை, நேர்ல கறுப்பு. இதை அப்படியே கொண்டுபோனா இன்ஸ்பெக்டர் கேட்டைக்கூடத் தாண்ட விடமாட்டாரு. மறுபடி வெள்ளை அடிக்க எனக்கு 20 ஆகும். ஸ்பிரிங்கு, சைலன்ஸரு, சீட்டு எல்லாம் பழசு தேடி மாட்ட 12. எஃப்.சி. ஃபீஸு 5. என் லாபம் 8. மொத்தம் 45. எழுவத்தஞ்சுல நாப்பத்தஞ்சு போனா எவ்ளோங்?"

"முப்பது..."

"முப்பதாயிரம் தர்றேன். இப்பவே."

"அண்ணா, அலாய் வீல் மட்டுமே 32 ஆயிரம்ங்ணா!"

அவர் சிரிக்கலை. அதுதான் இன்னும் வலிச்சுது. "உங்களுக்கு அது 32 ஆயிரம். எங்கிட்ட வண்டி வாங்க வர்றது யாரு? டிரைவிங் பழகறவங்க, ரிட்டையர் ஆனவங்க, மளிகைக் கடைக்காரங்க. அவங்களுக்கு இந்த வீலு அழகில்ல, பயம். 'இப்படி ஜோடிச்சவன் எப்படி ஓட்டியிருப்பான்'ங்கற பயம். நீங்க வண்டிக்கு செலவு பண்ணலீங் தம்பி, உங்க ஆசைக்கு செலவு பண்ணீங்க. ஆசைக்கு ரீசேல் கிடையாது."

இந்தக் கடைசி வரியை ஆட்டோ பின்னாடி எழுதிவைக்கலாம்.

அப்புறம் உட்கார்ந்து நானே தேடிப் படிச்சேன். படிக்கப் படிக்க வேர்த்துச்சு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி.யில பதிவான விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததுல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்தமா சொல்லியிருக்கு. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்துல, இப்படி மாத்தின ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லேன்னா ரெண்டும்னு சேர்த்திருக்காங்க. ஆர்.சி.யில ஓனர் யாரு? நான் இல்லை. எங்க அப்பா!

ரெண்டு வருஷமா நான் காலேஜ்ல பந்தா விட்டது அப்பா பேர்ல.

மாடிஃபிகேஷனே பாவம்னு சொல்ல வரலை. எங்க ஊர்க்காரர் எஸ்.கரிவரதன், மாருதி 800 இன்ஜினை எடுத்து 'ஃபார்முலா மாருதி'ன்னு ரேஸ் காரையே உருவாக்கினவர். செட்டிபாளையத்துல இருக்கற ரேஸ் டிராக்குக்கு அவர் பேர்தான். 2005-ல ஃபார்முலா ஒன்ல ஓட்டின முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்தான். ஆனா, அவங்க ஓட்டினது டிராக்குல. பந்தயத்துக்குன்னே செஞ்ச வண்டியில, ஹெல்மெட் போட்டுக்கிட்டு. நான் ஓட்டினது ஸ்கூல் விடற நேரத்துல, கணபதி மெயின் ரோட்டுல, அறுத்த ஸ்பிரிங்கோட. வித்தியாசம் இருக்குல்ல?

1,10,000 ரூபாய் சபலம்

நொந்து நூடுல்ஸாகி இருந்த நேரத்துல வந்தான் ஒரு திருப்பூர் ப்ரோ. என் வயசுதான். வண்டியைப் பார்த்ததும் கண்ணுல பல்பு எரிஞ்சுது. பானெட்டைத் தடவிக் கொடுத்தான். ஸ்டார்ட் பண்ணிட்டு கண்ணை மூடி சைலன்ஸர் சத்தத்தைக் கேட்டான். கச்சேரியில உட்கார்ந்த ரசிகன் மாதிரி தலையை ஆட்டினான். எனக்கே எங்க வண்டி மேல மறுபடி காதல் வந்துச்சு.

"ப்ரோ, 1,10,000. கேஷ். நாளைக்கே எடுத்துக்கறேன்."

உள்ளுக்குள்ள குத்தாட்டம் போட்டேன். பாப்பா ஃபீஸ் போக கையில 45 மிஞ்சும்!

"ஆனா ஒண்ணு ப்ரோ. பேர் இப்ப மாத்த முடியாது. 29, 30 ஃபாரத்துல அப்பாகிட்ட கையெழுத்து மட்டும் வாங்கிக் குடுத்துருங்க. நான் அப்புறமா பாத்துக்கறேன். எஃப்.சி.யும் நான் பாத்துக்கறேன்."

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொன்னேன். முப்பது எங்கே, 1,10,000 எங்கே! அப்பா லேத்துல இருந்த பீஸைக் கழட்டி வெச்சுட்டு, கையைத் துடைச்சுக்கிட்டே கேட்டார்.

"பேரு மாத்தாம எதுக்குங் வாங்கறான்?"

"அவனுக்கு ஏதோ அட்ரஸ் புரூஃப் பிரச்னைப்பா."

"அந்த ஸ்பிரிங்கு அறுத்தது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா. அதுதான் அவனுக்குப் புடிச்சிருக்கு."

அப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னார். அவர் மில்லுல வேலை பார்த்த காலத்துல கூட இருந்தவர் ஒருத்தர், பைக்கை வித்துட்டு பேர் மாத்தாம விட்டுட்டார். வாங்கினவன் ஒருத்தர் மேல ஏத்திட்டான். இன்சூரன்ஸும் இல்லை. கோர்ட் நோட்டீஸ் வந்தது வித்தவர் வீட்டுக்கு. "வீட்டு மேல கடன் வாங்கிக் கட்டினாருங் அவரு. மூணு கை மாறிப் போன வண்டிக்கு."

அது பழைய கதைன்னு நினைச்சு நானும் தேடினேன். 2018 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பே இருக்கு. வண்டி எத்தனை கை மாறினாலும், ஆர்.டி.ஓ. ரெக்கார்டுல யார் பேர் இருக்கோ அவங்கதான் ஓனர். நஷ்டஈடு அவங்க தலையில!

"அந்தப் பையனுக்கும் உன் வயசுதான?"ன்னார் அப்பா.

"ஆமாப்பா."

"அப்ப அவனுக்கும் ஒரு அப்பா இருப்பாருல்ல..."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. ரெண்டு வருஷமா நான் அந்த அறுத்த ஸ்பிரிங்குல ஓட்டினப்ப, ராத்திரி நான் வர்ற வரைக்கும் வாசல் லைட்டை அணைக்காம உட்கார்ந்திருந்தது யாருன்னு அப்பதான் உறைச்சுது.

திருப்பூர் ப்ரோவுக்கு போன் பண்ணி முடியாதுன்னேன். "1,20,000 ப்ரோ"ன்னான். போனை வெச்சுட்டு, சுவத்துல தலையை முட்டிக்கலாமான்னு யோசிச்சேன்.

மாடிப்படிக்கு அடியில

ஒரே வழிதான் மிச்சம். வண்டியைப் பழையபடி ஆக்கணும். ஆனா, பழைய பார்ட்ஸ் எங்கே போக? நான்தான் ஒவ்வொண்ணா கழட்டி, பட்டறை மூலையில வீசிட்டு வந்தவனாச்சே.

"இங்க வா"ன்னு அப்பா கூட்டிட்டுப் போனார். பட்டறையில மாடிப்படிக்கு அடியில ஒரு தார்ப்பாய். விலக்கினார்.

தகர வீல் நாலும், அதுல மாட்டின டயரோட. கம்பெனி சைலன்ஸர். முன் சீட் ரெண்டும் பாலிதீன் சுத்தி. ஒரிஜினல் ஹெட்லைட், பம்பர், டேப் இருந்த இடத்து டேஷ் போர்டு துண்டு. ஒரு பால் பவுடர் டப்பாவுல ஸ்க்ரூவும் போல்ட்டும். துருப் பிடிக்காம எல்லாத்துலயும் ஆயில் தடவியிருந்தது.

"எதுக்குப்பா இதையெல்லாம் எடுத்து வெச்சீங்க?"

"ஆசை தீந்துட்டா தேடுவீல்ல."

அவ்வளவுதான் சொன்னார். நான் அந்தப் பக்கம் திரும்பி, கண்ணுல தூசி விழுந்த மாதிரி நடிச்சேன். பட்டறையில தூசிக்கா பஞ்சம்!

ஸ்பிரிங் மட்டும் இல்லை. அறுத்ததை ஒட்டவா முடியும்? உக்கடத்துல பழைய சாமான் கடைகளா ஏறி இறங்கி, நாலாவது கடையில ஜென் ஸ்பிரிங் ஒரு செட் பிடிச்சோம். 3,000. பழைய டயர்ல ரெண்டு வெடிப்பு விட்டிருந்துச்சு, புதுசு ரெண்டு 5,600. வெள்ளை பெயின்ட், தெரிஞ்ச டிங்கர்கிட்ட 18,000. மெக்கானிக் கூலி 2,400. மூணு ஞாயித்துக்கிழமை அப்பாவும் நானும் வண்டிக்கு அடியில கிடந்தோம். ரெண்டு வருஷத்துல அப்பாகூட நான் அவ்வளவு நேரம் இருந்ததே இல்லை.

கழட்டின 'அழகை' எல்லாம் தனித்தனியா விற்பனைக்குப் போட்டேன். ஆச்சரியம் என்னன்னா, வண்டியோட சேர்ந்து யாரும் சீண்டாத அதே சாமான், தனியா போட்டதும் பறந்துச்சு! அலாய் வீலும் டயரும் என் ஜூனியர் ஒருத்தனுக்கு 17,000. மியூசிக் சிஸ்டம் 11,000. சீட் 5,000. சைலன்ஸர் 4,000. அதை வாங்கினவன், டிராக்குல ஓட்டறதுக்குன்னே ஒரு பழைய வண்டியை ரெடி பண்றவன். மொத்தம் 37,000. ஸ்பாய்லரை யாரும் கேக்கலை. அது இப்ப எங்க வீட்டு மொட்டைமாடியில அம்மா வடகம் காயவெக்கற தட்டுக்கு முட்டுக்கொடுத்துட்டிருக்கு.

எஃப்.சி.க்குப் போனோம். சொந்தக் காருக்கு 15 வருஷத்துக்கு அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை ஆர்.சி.யைப் புதுப்பிக்கறதைத்தான் நம்ம பக்கம் 'எஃப்.சி.'னு சொல்வாங்க. 600 ரூபாயா இருந்த அந்தக் கட்டணத்தை, 2022 ஏப்ரல்ல 5,000 ஆக்கியிருந்தாங்க. பசுமை வரி, இதர செலவெல்லாம் சேர்த்து எங்களுக்கு 7,000 ஆச்சு. இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுத்தி வந்து, சேஸிஸ் நம்பரைப் பார்த்து, "வண்டியை நல்லா வெச்சிருக்கீங்களே"ன்னார். அப்பா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

டீச்சரும் மூவாயிரமும்

புது விளம்பரம். இந்தத் தடவை கூலிங் கிளாஸ் போட்டோ கிடையாது. இன்ஜின், டயர், கிலோமீட்டர், ஆர்.சி. தேதி... எல்லாம் பகல் வெளிச்சத்துல எடுத்த போட்டோ. விலை 75,000.

மூணாவது நாள், வடவள்ளியில இருந்து ஒரு டீச்சர், அவங்க வீட்டுக்காரரோட வந்தாங்க. டிரைவிங் பழகி ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போகணுமாம். வண்டியைப் பார்த்ததும் பிடிச்சுப்போச்சு. மெக்கானிக் கூட்டிட்டு வரலை.

எனக்குள்ள பட்டிமன்றம் ஆரம்பிச்சுது. சொல்லலாமா, வேணாமா? சொல்லாட்டி தெரியாது. ஆனா, பானெட்டுல ஒரு சின்ன அடைச்ச ஓட்டை இருக்கு, பின் ஆர்ச் ரெண்டும் தட்டினது, ரெண்டு வருஷம் அறுத்த ஸ்பிரிங்குல ஓடினது... அம்மா வயசு இருக்கும் அவங்களுக்கு.

சொல்லிட்டேன். எல்லாத்தையும். கறுப்பு வண்டியோட போட்டோவைக்கூடக் காட்டினேன். "ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து ஷாக் அப்சார்பரையும் புஷ்ஷையும் பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க டீச்சர்"னேன். அப்பா பக்கத்துல நின்னுட்டிருந்தார். குறுக்கே பேசலை.

ரெண்டு நாள் கழிச்சு மெக்கானிக்கோட வந்தாங்க. அவர் ஓட்டிப் பார்த்தார். "புஷ்ஷு மாத்தணும், மத்தபடி வண்டி சுத்தம்"னார். டீச்சர், "தம்பி, நீயே இவ்வளவு சொல்லிட்ட. புஷ்ஷுக்கு மூவாயிரம் குறைச்சுக்கோ"ன்னாங்க. உண்மையோட விலை 3,000 ரூபாய்! 72,000-க்கு முடிச்சோம்.

29, 30 ரெண்டு ஃபாரத்துலயும் எங்க கண்ணு முன்னாடியே கையெழுத்து. ஆன்லைன்ல விண்ணப்பம் போட்டு, ஆபீஸ்ல பேப்பர் கொடுத்து, பேர் மாறின பிறகுதான் அப்பா நிம்மதியா டீ குடிச்சார்.

இப்ப கடைசிக் கணக்கு. வண்டி 72,000, கழட்டின சாமான் 37,000. ஆக 1,09,000. இதுல பழையபடி ஆக்கின செலவும் எஃப்.சி.யும் 36,000. மிச்சம் 73,000. கன்சல்டிங் அண்ணன் சொன்ன 30 எங்கே, இது எங்கே! ஆனா, ரெண்டு வருஷம் முன்னாடி கைவெக்காம வித்திருந்தா 80. நான் ரசம் ஊத்தி சம்பாதிச்ச 1,27,000-ம் பேங்க்ல இருந்திருக்கும். பாப்பா ஃபீஸ் 65,000 கட்டினோம். மீதி எட்டாயிரத்துல அப்பா எனக்கு ஒரு டூல் பாக்ஸ் வாங்கிக் கொடுத்தார். உள்குத்து புரியுதுல்ல?

நீங்களும் விற்கப் போறீங்களா?

* விலை வைக்கறப்ப, உங்க செலவை மறந்துடுங்க. அதே மாடல், அதே வருஷம், கம்பெனியில வந்தபடி இருக்கற வண்டி உங்க ஊர்ல என்ன விலைக்குப் போகுதுன்னு அஞ்சாறு இடத்துல பாருங்க. அதுதான் உச்சவரம்பு. அங்கிருந்து கழிக்க ஆரம்பிங்க.

* புது வண்டியே தேயும். இன்சூரன்ஸ் கணக்குல ஆறு மாசத்துலயே 5 சதவீதம் கழிப்பாங்க. நாலு வருஷம் தாண்டினா பாதி போயிடும். வண்டியே இப்படித் தேயறப்ப, அதுல ஒட்டின ஸ்டிக்கர் மட்டும் தங்கமா ஏறாது.

* கழட்டின ஒரிஜினல் பார்ட்ஸைத் தூக்கிப் போடாதீங்க. எங்க அப்பா மாதிரி ஒருத்தர் எல்லார் வீட்லயும் இருப்பார்னு நம்பாதீங்க.

* மாட்டின சாமானைத் தனியா வித்துடுங்க. வண்டியை வண்டியா வில்லுங்க. அறுக்கறது, வெட்டறது, துளை போடறது... திரும்பி வராத வேலை எதுவும் செய்யாதீங்க.

* கண்ணாடியில கறுப்பு ஃபிலிம் இருந்தா உரிச்சுடுங்க. 2012-லயே சுப்ரீம் கோர்ட் அதுக்குத் தடை போட்டாச்சு.

* பேர் மாத்தாம சாவியைக் கொடுக்காதீங்க. வித்தவர் 14 நாளுக்குள்ள, வாங்கினவர் 30 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும்னு சட்டமே சொல்லுது. வெறும் ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுத் தர்றது, வெறும் செக்ல கையெழுத்துப் போடற மாதிரி.

* வண்டியைக் கொடுக்கறப்ப தேதி, நேரம், கிலோமீட்டர் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பேப்பர் ஒண்ணு வெச்சுக்கங்க. ஃபாஸ்டேகை மூடிடுங்க. நோ க்ளைம் போனஸ் வண்டிக்கு இல்லை, உங்களுக்குச் சொந்தம். இன்சூரன்ஸ்ல கேட்டு வாங்கிக்கங்க.

* வண்டியோட குறையை நீங்களே சொல்லிடுங்க. மூவாயிரம் போகும். தூக்கம் வரும்.

போன மாசம் வடவள்ளிப் பக்கம் போனேன். சிக்னல்ல ஒரு வெள்ளை ஜென். பின் கண்ணாடியில சிவப்பு 'எல்' அழிஞ்ச அடையாளம். ஸ்டியரிங்ல டீச்சர். பச்சை விழுந்ததும் பின்னாடி இருந்தவன் ஹாரன் அடிக்க அடிக்க, பதற்றமே இல்லாம ஃபர்ஸ்ட் கியர் போட்டு, அழகா கிளம்பிப் போனாங்க. சைலன்ஸர் சத்தமே கேக்கலை.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொன்னேன். "ஸ்பிரிங்கு எப்படி இருக்குது?"ன்னார்.

"வண்டி நல்லா தூக்கலா நிக்குதுப்பா"ன்னேன்.